ரோட்டு வழியா வா

1

இந்த வருஷம் பிறந்ததிலிருந்து எங்கள் மாநிலத்தில் பதினெட்டு வயதுப் பிள்ளைகள் சட்டப்படி குடிக்கலாம். அதற்கு முன் இருபத்தொன்று ஆகியிருக்க வேண்டும். போன கோடை முழுக்க இங்கே இதே பேச்சுதான். கறிகாய் வாங்கப் போனாலும் இது, பஸ்ஸுக்கு நின்றாலும் இது. பதினெட்டு வயதில் பிடித்துப் போருக்கு அனுப்புகிறீர்கள், இப்போது ஓட்டும் கொடுத்துவிட்டீர்கள், ஒரு கிளாஸ் பீரை மட்டும் தரமாட்டீர்களா என்று ஒரு கட்சி. ஓட்டைத் தப்பாகப் போட்டால் அடுத்த தேர்தலில் மாற்றிக்கொள்ளலாம், பிள்ளை போனால் யார் மாற்றித் தருவது என்று இன்னொரு கட்சி. நான் இரண்டு பக்கமும் தலையை ஆட்டிவிட்டு வீட்டுக்கு வந்துவிடுவேன்.

நாங்கள் இருப்பது மிச்சிகன் மாநிலம். என் கணவர் ஓசூரில் மாட்டு டாக்டராக இருந்தவர். இங்கே ஒரு பல்கலைக்கழகத்தின் மாட்டுக் கொட்டகைக்கு வேலைக்கு வந்தார். தேசம் மாறியும் எங்கள் வீட்டுச் சட்டைகளில் சாணி வாசனை மாறவில்லை. எங்களுக்கு ஒரே பிள்ளை, சேகர். போன மாதம் அவனுக்குப் பதினெட்டு முடிந்தது.

அதே கோடையில்தான் ஊரிலிருந்து என் சித்தி மகள் எழுதியிருந்தாள். நம்ம பக்கம் மதுவிலக்கை எடுத்துவிட்டார்களாம், ஓசூரிலேயே கடை வந்துவிட்டதாம். “இனிமேல் யாரும் எல்லை தாண்டிப் போக வேண்டியதில்லை அக்கா” என்று ஒரு வரி. அவள் செய்தியாகத்தான் எழுதினாள். நான் அந்த வரிக்கு மேல் படிக்க முடியாமல், அடுப்பில் வைத்த பாலைப் பொங்கவிட்டு உட்கார்ந்திருந்தேன்.

என் தம்பி முனிராஜ் எல்லை தாண்டிப் போனவன். அப்போது அவனுக்குப் பத்தொன்பது முடிந்து இருபது நடந்துகொண்டிருந்தது.

2

வயதை “நடக்கிறது” என்று சொல்வது நம் வழக்கம். இங்கே அது செல்லாது. வந்த புதிதில் பள்ளிக்கூடத்து அலுவலகத்தில் சேகருக்குப் பதின்மூன்று நடக்கிறது என்பதை எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் சொல்லப்போய், அந்த அம்மாள் பதின்மூன்று என்றே எழுதிக்கொண்டாள். பிறந்த தேதி வேறு கணக்குச் சொல்லவும், நான் ஏதோ பொய் சொல்லிவிட்டதைப்போல மூக்குக்கண்ணாடிக்கு மேலே என்னைப் பார்த்தாள். அந்த ஒரு வயதைத் திருத்த மூன்று அலுவலகம் ஏறி இறங்கினோம். நம் ஊரில் ஒரு வயது முன்னே பின்னே போனால் யார் கேட்டார்கள்?

சேகர் அப்போது என் முந்தானையைப் பிடித்துக்கொண்டு, “விடும்மா, நான் சொல்றேன்” என்று தேறுதல் சொன்னான். இப்போது தமிழில் கேட்டால் இங்கிலீஷில் பதில் வருகிறது. களி கிளறினால் அவனுக்குத் தனியாக ரொட்டி. ஞாயிற்றுக்கிழமைகளில் அவன் கூட்டாளி வீட்டில்தான் சாப்பாடு. அந்தக் கூட்டாளியின் அண்ணன் போருக்குப் போய்ப் பெட்டியில் திரும்பி வந்தவன். அதிலிருந்து இந்தப் பையன்களுக்குக் குடிக்கும் வயதைக் குறைப்பது ஒரு வெறியாகவே ஆகிவிட்டது. வீடுவீடாகப் போய்க் கையெழுத்து வாங்கினார்கள்.

ஒருநாள் சமையலறைக்கு வந்து என் முன்னாலும் காகிதத்தை நீட்டினான்.

“நான் இந்த ஊர்க் குடிமகள் இல்லையே. என் கையெழுத்து எதுக்கு ஆகும்?” என்றேன்.

“எண்ணிக்கைக்கு ஆகாதும்மா. எனக்கு ஆகும். நீ எந்தப் பக்கம்னு தெரியணும். சரியா, தப்பா?”

“எனக்குத் தெரியாது.”

“எப்பக் கேட்டாலும் தெரியாது. இந்த ஊர்ல நடக்கிற எதைப் பத்தியும் உனக்கு ஒண்ணும் தெரியாது” என்று காகிதத்தைச் சுருட்டிக்கொண்டு போனான். அவனுக்கு நல்ல கோபம். எனக்கும்தான். தெரியாமலா தெரியாது என்றேன்? ஆனால் அந்தப் பதிலை இங்கிலீஷில் சொல்ல வழியில்லை. தமிழில் சொன்னால் கேட்க அவனுக்குப் பொறுமையில்லை.

3

கெலமங்கலத்திலிருந்து ஓசூர் போகும் பாதையில் எங்கள் ஊர். ராகிக் காடும் கொள்ளுக் காடும் நாலு புளியமரமும் எங்களுக்கு இருந்தன. நாலுதான் மிச்சம். மற்றதெல்லாம் நான் பிறப்பதற்கு முன்பே அப்பா குடித்துத் தீர்த்தது.

நாங்கள் அப்போது சேலம் ஜில்லாவில் இருந்தோம். மதுவிலக்கு முதலில் வந்தது எங்கள் ஜில்லாவுக்குத்தான். கள்ளுக்கடைக்குப் பூட்டு விழுந்த அன்று அம்மா வாசலில் கோலம் போட்டுப் பொங்கல் வைத்ததாகச் சொல்வார்கள். அப்பா கொஞ்ச நாள் கை நடுங்கி, ராத்திரியெல்லாம் பிதற்றி, பிறகு மெல்ல மனிதரானார். நான் கண்ட அப்பா ஏர் ஓட்டிவிட்டு வந்து குளித்து, எங்களோடு உட்கார்ந்து களி தின்ற அப்பா. அவர் காய்ச்சலில் போனபோதும் அம்மா, “குடிச்சிச் சாவல. மனுசனாத்தான் போனாரு” என்று சொல்லிச் சொல்லி அழுதாள். தன் தாலியைச் சில வருஷம் காத்துக் கொடுத்தது சர்க்கார் என்பது அவள் நம்பிக்கை. மாரியம்மனுக்கு அடுத்து அவளுக்குச் சட்டம்தான் சாமி.

ஆனால் அந்தச் சாமியின் எல்லை ஓசூருக்கு அப்புறம் கூப்பிடு தூரம்தான். அதைத் தாண்டினால் மைசூர் சீமை. அங்கே சாலையோரத்திலேயே சாராயக்கடை. எங்கள் பக்கத்து ஆட்கள் புளி, கொள்ளு, ராகி ஏற்றிக்கொண்டு பெங்களூர் சந்தைக்கு வண்டி ஓட்டுவார்கள். திரும்பும்போது அந்தக் கடைதான் கடைசி. அதற்கு இந்தப் பக்கம் ஒரு சொட்டு கிடையாது. ஆகவே ஊருக்குப் போய்ச் சேரும்வரை வேண்டியதை அங்கேயே நின்றபடி அவசர அவசரமாக ஊற்றிக்கொள்வார்கள். எல்லைச் சாவடியில் போலீஸ்காரர் வண்டியை நிறுத்தி, “ஊது” என்பார். வாடை வந்தால் கேஸ். அதனால் குடித்தவன் முன்னாலேயே வண்டியைவிட்டு இறங்கி, ஏரிக்கரை ஓரமாகச் சாவடியைச் சுற்றிக்கொண்டு போய்விடுவான். குடிக்காத கூட்டாளி வண்டியை ஓட்டிக்கொண்டு ஒழுங்காக ஊதிக் காட்டிவிட்டு, அந்தப் பக்கம் போய்க் காத்திருப்பான். எங்கள் பக்கத்தில் இதற்கு “ஏரி வழி” என்று பெயரே உண்டு. எல்லாருக்கும் தெரியும், போலீஸுக்கும் தெரியும்.

எங்களுக்கு முனிராஜ் அந்த வழியில் போவான் என்று மட்டும் தெரியாது. “என் புள்ளைக்கு அந்த நாத்தமே ஆவாது” என்று அம்மா ஊரெல்லாம் பெருமை பேசுவாள். அவனும் பக்கத்தில் நின்று சிரித்துக்கொண்டிருப்பான்.

அந்த ஆடி மாதம், கைக்குழந்தை சேகரைத் தூக்கிக்கொண்டு நான் அம்மா வீட்டுக்கு வந்திருந்தேன். பொழுது சாயும் நேரத்தில் வண்டி வந்தது. முனிராஜோடு எப்போதும் வண்டி ஓட்டுகிற பக்கத்துக் காட்டு பசப்பா மட்டும் மாட்டைப் பிடித்துக்கொண்டு நடந்து வந்தார். வண்டியில் புளிச்சாக்கு போட்டு மூடி என் தம்பியைக் கிடத்தியிருந்தார்கள்.

“தண்ணி குடிக்க ஏரில எறங்கினான் அக்கா. வழுக்கிட்டுது” என்றார் பசப்பா அம்மாவிடம். முகத்தைத் திருப்பிக்கொண்டு மாட்டை அவிழ்க்க ஆரம்பித்தார்.

4

எங்கள் சனங்களில் கருமாதியன்று செத்தவருக்குப் பிடித்ததையெல்லாம் இலையில் வைத்துப் படைப்போம். பெரிய ஆண்பிள்ளை என்றால் கறியும் களியும் வெற்றிலையும், குடித்துப் பழகியவன் என்றால் ஒரு குவளை சாராயமும் வைக்க வேண்டும். வைக்காவிட்டால் ஆவி தாகத்தோடு அலையும் என்பார்கள். சின்னப் பிள்ளை என்றால் பாலும் வெல்லம் போட்டுச் சுட்ட கச்சாயமும் மட்டும்தான். மதுவிலக்கு இதையெல்லாம் மாற்றிவிடவில்லை. காட்டுப் பக்கம் காய்ச்சுகிறவனிடம் சொல்லிவைத்து, சாமிக்கும் செத்தவருக்கும் மட்டும் எப்படியோ வந்துவிடும்.

அப்பாவின் அண்ணன், எங்கள் பெரியப்பா, இடுப்பில் செருகியிருந்த சீசாவை எடுத்து இலைக்குப் பக்கத்தில் வைத்தார். ஊர்ப் பெரியவர்கள் யாரும் ஆச்சரியப்படவில்லை. எல்லாருக்கும் ஏதோ தெரிந்திருந்தது.

அம்மா எழுந்து வந்தாள். மூத்தவர் எதிரில் நின்று பேசாதவள், அதுவரை அவரிடம் ஒரு வார்த்தை நேராகச் சொன்னதில்லை.

“அத எடுங்க” என்றாள். “எம்புள்ள குடிச்சவன் இல்ல. கல்யாணம் ஆவாத புள்ள. பாலும் கச்சாயமும் போதும்.”

“இருபது நடக்குதும்மா அவனுக்கு. வண்டி கட்டிச் சந்தைக்குப் போய் வந்தவன். அவனைப் போய்ப் புள்ளைங்கிறியே” என்றார் பெரியப்பா.

“தாலி கட்டாதவன் எத்தினி வயசானாலும் புள்ளதான்” என்றார் ஒருவர்.

“மீச வந்தா ஆம்பள. அவ்ளோதான் கணக்கு.”

“அப்ப பதினாறுலயே வெச்சிடலாமா?”

“பதினெட்டுன்னு வெச்சுக்கங்க.”

குடியே கூடாது என்று சட்டம் இருந்த ஊரில், செத்துப்போன என் தம்பிக்குக் குடிக்கிற வயது வந்துவிட்டதா இல்லையா என்று பெரியவர்கள் உட்கார்ந்து வழக்குப் பேசினார்கள். அம்மா இலைக்கு முன்னால் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நின்றாள். இலையில் அது ஏறிவிட்டால் தன் பிள்ளை குடித்துச் செத்தவனாகிவிடுவான் என்பது ஒன்றுதான் அவள் கவலை. பேர் போய்விட்டால் பிள்ளை இன்னொரு முறை செத்ததற்குச் சமம்.

அப்போது பசப்பா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். வந்தவர் அம்மாவின் காலடியில் உட்கார்ந்துவிட்டார்.

“வெச்சிடு அக்கா. அவன் தாகத்தோட திரிய வேணா” என்றார். “தண்ணி குடிக்க எறங்கல அவன். நான் பொய் சொன்னேன். ஏரி வழி சுத்தி வந்தான், மழையில மண்ணு சறுக்கிடுச்சு.”

அம்மா மெதுவாகக் கேட்டாள்: “கேசு போடுவாங்கன்னு பயந்தானா?”

“கேசுக்கா பயந்தான்? அன்னிக்கு சாவடியில நம்ம கோவிந்தன் நின்னிருந்தான் அக்கா. ஊதிக் காட்டினா உங்கிட்ட வந்து சொல்லிடுவான்னு எறங்கிட்டான். ‘ஜெயிலுக்கு வேணா போறேன் மாமா, எங்கம்மா மூஞ்சில முழிக்க மாட்டேன்’னான்.”

கோவிந்தன் என்பது அந்தச் சாவடிப் போலீஸ்காரர். எங்கள் ஊர்க்காரர், அம்மாவுக்கு ஒன்றுவிட்ட தம்பி.

அம்மா அழுவாள் என்று பார்த்தோம். அவள் குனிந்து அந்தச் சீசாவை எடுத்துப் பெரியப்பாவிடம் நீட்டினாள். “இன்னிக்குப் பாலே இருக்கட்டும்” என்றாள். அன்று பாலைத்தான் படைத்தோம்.

5

மறுநாள் காலையில் அம்மா என்னைக் கிளம்பச் சொன்னாள். எங்கே என்று கேட்கவில்லை, கேட்கிற மாதிரி அவள் முகம் இல்லை. குழந்தையை இடுப்பில் தூக்கிக்கொண்டு பின்னாலேயே போனேன். ஓசூர்வரை வண்டி, அப்புறம் பஸ், சாவடியைத் தாண்டி இறங்கிக் கொஞ்சம் நடை. பொம்பளைகள் இரண்டு பேர் கைக்குழந்தையோடு சாராயக்கடை முன்னால் போய் நின்றதை வண்டிக்காரர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள்.

கடைக்காரர் கன்னடக்காரர், எங்கள் தமிழும் பேசுவார். அம்மா முனிராஜின் பெயரைச் சொல்லி, “என் மகன்” என்றாள். அவர் எழுந்து நின்றுவிட்டார்.

“சின்னப் பையனுக்கு எப்பிடிய்யா குடுத்தே?” என்றாள் அம்மா. அதில் சண்டை இல்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.

“மீசெ பந்தித்து, தாயி” என்றார் அவர். மீசை வந்திருந்தது என்கிறார். அப்புறம் தமிழுக்கு மாறினார். “நாங்க வயசா கேக்கறோம்? ஆனா நல்ல பையன். ஒரு கிளாசுக்கு மேல கேக்க மாட்டான். குடிச்சதும் வாய அலசுவான், அலசிக்கிட்டே இருப்பான். கறிவேப்பில கொண்டாருவான் மடியில. அத மென்னுட்டு எங்கிட்ட வந்து ஊதிக் காட்டி, ‘வாசனெ இதெயா, வாசன வருதா?’ன்னு கேப்பான். போலீசுக்கு இத்தினி பயமாடான்னா சிரிப்பான்.”

எங்கள் கொல்லையில் அந்தக் கறிவேப்பிலை மரம் அந்த வருஷம் முழுக்க மொட்டையாக நின்றது எனக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. ஆடு கடித்துவிட்டது என்று அம்மா பக்கத்து வீட்டோடு சண்டையெல்லாம் போட்டிருந்தாள்.

அவன் குடிக்கிறதையே கொடு என்றாள் அம்மா. கடைக்காரர் காசு வாங்கவில்லை.

இந்தப் பக்கம் கொண்டுவந்தால் குற்றம். சட்டத்தை மீறுகிறவள் அல்ல என் அம்மா. மைசூர் எல்லைக்குள்ளேயே, அந்த ஏரியின் மேல்கரையில் உட்கார்ந்தாள். மடியில் கொண்டுவந்த இலையை விரித்து, களி உருண்டையும் அவரைக்கொட்டைச் சாறும் வைத்து, அதன் பக்கத்தில் சாராயக் குவளையைத் தன் கையாலேயே வைத்தாள். வாழ்நாள் முழுக்க எதை நினைத்து மூக்கைப் பொத்தினாளோ, அதன் வாடை அவள் விரலெல்லாம் ஏறியிருந்தது.

“குடிச்சிக்கோ சாமி” என்றாள் தண்ணீரைப் பார்த்து. “பயந்துக்கிட்டு குடிக்காத, மெதுவாக் குடி. குடிச்சிட்டு ரோட்டு வழியா வா. ஏரிப்பக்கம் வராத. அம்மா ஒண்ணும் கேக்க மாட்டேன், வாய மோந்து பாக்க மாட்டேன். ரோட்டு வழியா ஊட்டுக்கு வந்துடுப்பா.”

அப்புறம்தான் அழுதாள். அப்படி ஓர் அழுகையை நான் அதற்கு முன்னும் கேட்டதில்லை, பின்னும் கேட்டதில்லை. இடுப்பில் இருந்த குழந்தையும் மிரண்டு வீறிட்டது.

திரும்பும்போது சாவடியில் கோவிந்தன் மாமா நின்றிருந்தார். அம்மாவிடம் சாராய வாடை அடித்தது அவருக்கும் தெரிந்திருக்கும். அம்மா நேரே அவர் முன்னால் போய் நின்றாள்.

“அன்னிக்கு அவன் ஊதியிருந்தா எங்கிட்ட வந்து சொல்லியிருப்பியா கோவிந்தா?”

“சொல்லியிருப்பேன் அக்கா” என்றார் அவர்.

“நானும் அவனை நாலு சாத்து சாத்தியிருப்பேன். உசுரோட இருந்திருப்பான்” என்று சொல்லிவிட்டு நடந்தாள். சட்டத்தை எடுத்துவிட்ட சேதி கேட்க அவள் இல்லை, அதற்கு முன்பே போய்விட்டாள். கேட்டிருந்தாலும் எந்தப் பக்கம் என்று சொல்லியிருக்க மாட்டாள். ஒரே சட்டம்தான் அவள் புருஷனைத் திருப்பிக் கொடுத்தது. அதே சட்டத்தைச் சுற்றிக்கொண்டு போகும்போதுதான் பிள்ளை போனான்.

6

புதுச் சட்டம் வந்த பிறகு, சேகரை உட்காரவைத்து இதை ஒருநாள் சொன்னேன். தமிழிலேயேதான் சொன்னேன். முதலில் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தவன் பிறகு பார்க்கவில்லை. முடிந்ததும், “அந்தக் குழந்தை நானா?” என்று மட்டும் கேட்டான்.

“நீதான். அதனாலதான் சொல்றேன். எங்க போனாலும் ரோட்டு வழியா வா.”

அவன் லேசாகச் சிரித்தான். “இங்க எல்லாம் ரோடுதாம்மா. வேற வழியே இல்ல.”

அவன் வேடிக்கையாகத்தான் சொன்னான். ஆனால் அதற்கு முந்தின வாரம்தான் எங்கள் தெருவுக்கு அடுத்த தெருப் பையன் ஒருவன் குடித்துவிட்டுக் கார் ஓட்டி, மரத்தில் மோதிப் போய்ச் சேர்ந்திருந்தான். இங்கே பையன்கள் ஏரியில் விழுவதில்லை. ரோட்டில்தான் சாகிறார்கள். அம்மா எனக்கு விட்டுப்போன ஒரே புத்திமதி இந்த ஊரில் செல்லாது என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது.

இத்தனை வருஷமாக நான் கார் ஓட்டக் கற்றுக்கொள்ளவில்லை. பயம் என்று சொல்லிக்கொண்டிருந்தேன், பாதி சோம்பல். மறுநாளே என் கணவரிடம் சொல்லித் தாருங்கள் என்றேன். “பனி கொட்டுற மாசத்துல உனக்கு என்ன திடீர் ஆசை?” என்றார். அவருக்கும் காரணம் தெரியாமல் இல்லை. மாட்டுக்கு ஊசி போடுகிறவருக்கு இருக்கும் பொறுமையெல்லாம் எனக்குக் கற்றுக்கொடுப்பதில் தீர்ந்துபோனது. லைசென்ஸ் அலுவலகத்தில் வயது கேட்டார்கள். இந்த முறை நடக்கிற வயதைச் சொல்லாமல் முடிந்த வயதைச் சொன்னேன். பரீட்சையில் ஒரு தடவை தோற்று, மறு தடவை தேறினேன்.

லைசென்ஸ் வந்த அன்று சேகரிடம் சொன்னேன்: “குடிச்சிருந்தா காரத் தொடாத. எங்க இருந்தாலும் போன் பண்ணு. நான் வரேன். ஒண்ணும் கேக்க மாட்டேன்.” அவன் தோளைக் குலுக்கிவிட்டுப் போனான்.

போன ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் போன் அடித்தது. கூட்டாளி வீட்டில் பிறந்தநாள். “அம்மா, வர முடியுமா?” என்றான். அவ்வளவுதான் சொன்னான், அதுவும் தமிழில். நான் கம்பளிச் சட்டையை உள்புறம் வெளியாக மாட்டிக்கொண்டு கிளம்பினேன். இரண்டு பக்கமும் பனி குவிந்த ரோட்டில், பின்னால் வருகிறவனெல்லாம் ஹாரன் அடித்துத் திட்ட, கட்டைவண்டி வேகத்தில் போய்ச் சேர்ந்தேன்.

சேகர் முன்பக்கம் ஏறி உட்கார்ந்தான். கதவுப் பக்கமாகத் திரும்பி, ஜன்னலைப் பார்த்தபடி, தாடை அசைய அசைய எதையோ வேகமாக மென்றுகொண்டிருந்தான். கார் முழுக்கப் புதினா வாசனை.

எனக்குக் கொல்லையில் மொட்டையாக நின்ற அந்தக் கறிவேப்பிலை மரம் கண்ணில் தெரிந்தது.

“துப்பிடுப்பா அத” என்றேன்.

அவன் திரும்பி என்னைப் பார்த்தான். ஜன்னலை இறக்கித் துப்பினான். நான் வண்டியை எடுத்தேன்.